மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று ஊர்

வெளிநாடு போய்வந்தவர்கள் தங்கள் கதையை விமான நிலையத்திலிருந்து தொடங்குவார்கள். நான் என் மூக்கிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பயணத்தில் முன்னால் போனது அதுதான். நானும் காரும் பின்னாலேயே போனோம். திருவள்ளூர் மாவட்ட எல்லையை ஒரு அடிகூடத் தாண்டவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், உலகம் சுற்றியவர்கள்கூட இத்தனை வாடைகளை முகர்ந்திருக்க மாட்டார்கள்.

எனக்கு வீடு மணவாள நகரில், வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையின் ஸ்டோர்ஸில். ஐம்பதைத் தாண்டியாயிற்று. தலைமுடி எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. வேலைக்குப் போவதும் வருவதும் கம்பெனி பஸ்ஸில். வீட்டு வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார் வாரம் முழுக்க உறை போர்த்திக்கொண்டு தூங்கும். மூன்றாவது கையாக வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைப்பது எனக்கு உடற்பயிற்சி, பக்கத்து வீட்டுக்காரருக்கு வயிற்றெரிச்சல்.

பிரச்சினை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வெடித்தது. என்னோடு ஆலையில் வேலை செய்யும் ஆரோக்கியத்தின் மகள் ஸ்டெல்லாவுக்கு அடுத்த புதன்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை கும்மிடிப்பூண்டிக்காரர் என்பதால் அந்த ஊர் சர்ச்சில். மணவாள நகரிலிருந்து பெண்ணை அழைத்துப் போகும் கார் என்னுடையது. இது இன்று நேற்று முடிவானதல்ல. ஸ்டெல்லா பள்ளிக்கூடப் பையோடு திரிந்த காலத்திலேயே, "உன் கல்யாணத்துக்கு மாமா வண்டியிலதான் போற" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அப்போது என்னிடம் இருந்தது ஒரு மொபெட். வாக்கைக் காப்பாற்றத்தான் காரே வாங்கினேன் என்று பின்னாளில் கதை கட்டிவிட்டேன். அந்தப் பெண்ணும் நம்பிவிட்டது.

அன்று தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கத் திருவள்ளூர் பஜாருக்கு அவளை அழைத்துப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியை ஏற்றி ஏசியைத் தட்டினேன். ஸ்டெல்லா பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"மாமா, இன்னா மாமா இது?"

"இன்னாம்மா?"

"யாரோ ஈர சாக்ஸ கழட்டி மூஞ்சி மேல போட்ட மாதிரி கீது."

"மழை வாசனம்மா."

"மழை வாசனயா? இது மழையில செத்துப் போனது மாமா."

கொட்டும் மழையில் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள். ரவிக்கை நனைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கல்யாணப் பெண் முடிவெடுக்கிறாள் என்றால் வாடையின் தரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "கோச்சிக்காத மாமா. நா அந்தோணி சித்தப்பா கார்லயே போய்க்கிறன். பொடவ, பூ, மேக்கப் எல்லாம் போட்டுகினு அவ்ளோ தூரம் இதுல வந்தன்னா, ஃபாதர் 'சம்மதமா'ன்னு கேக்கறதுக்குள்ள மாப்ள ஓடிடுவாரு."

அந்தோணி ஆரோக்கியத்தின் தம்பி. அவனிடம் கப்பல் மாதிரி ஒரு வெள்ளைக் கார் உண்டு. கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து, "அண்ணா, எதுக்கும் என் வண்டி ரெடியா கீது" என்று என் காதுபடச் சொல்லிக்கொண்டிருந்தான். எதுக்கும் என்றால் இதுக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் கெஞ்சினேன். நடுத்தர வயது ஆண்கள் கெஞ்சுவது பார்க்கச் சகிக்காது. அந்த ஒரே காரணத்துக்காக அவள் இறங்கி வந்தாள். "சரி, செவ்வாக்கிழம சாயங்காலம் வந்து மோந்து பாக்கறன். பாஸானா உன் வண்டி. ஃபெயிலானா சித்தப்பா வண்டி."

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக்கூட நான் இப்படி வியர்க்கவில்லை.

ஞாயிறு காலை முதல் ஊர், திருவள்ளூர். இட்லியும் வடகறியும் நாஷ்டா முடித்துவிட்டுக் கார் அலங்காரக் கடைக்குப் போனேன். கடைக்காரர் குப்பிகளை வரிசையாக எடுத்து வைத்தார்.

"மல்லியா, எலுமிச்சயா, கடலா சார்?"

"கடல் வாசனை எப்படி இருக்கும்?"

"நீலமா இருக்கும் சார்."

இந்தப் பதிலுக்காகவே மூன்றையும் வாங்கினேன். கூடவே அடுப்புக்கரி, காப்பித்தூள், சமையல் சோடா. வடகறிக் கடை பெஞ்சில் பக்கத்து இலைக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். இந்த ஊரில் வைத்தியம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, கொஞ்சம் சோகமாக இட்லியைப் பிட்டால் போதும். எல்லாவற்றையும் காருக்குள் வைத்து, மூடி, மத்தியானம் திறந்தேன். பழைய வாடை அப்படியே இருந்தது. என்ன, இப்போது தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு கையில் காப்பி தம்ளரோடு கடற்கரைக்குக் கிளம்பியிருந்தது.

என் மனைவி மேகலா வாசலில் நின்று விசாரணை நடத்தினாள்.

"எப்பலேர்ந்து இந்த வாட?"

"ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் கழிச்சி லேசா ஆரம்பிச்சது."

"நெனச்சன். பூஜையில இன்னாவோ கொற வெச்சிட்டீங்க."

"ஒரு குறையும் இல்லடி. ஃபேக்டரி ஐயரே பண்ணாரு. பூசணிக்கா, எலுமிச்சம்பழம், படையல், எல்லாம் தாராளம்."

"தாராளமா பண்ணா வண்டி ஏன் நாறுது?"

இந்தக் கேள்வியை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவும். நான் மறந்துவிட்டேன்.

உள்ளூர் மெக்கானிக் கடையைப் பூட்டிவிட்டுத் திருப்பதிக்குப் போயிருந்தார். இன்னொருவர், டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும், அடுத்த வாரம் தருகிறேன் என்றார். அடுத்த வாரம் ஸ்டெல்லா மறுவீடு போயிருப்பாள். மேகலா, "பொதட்டூர்பேட்டையில என் தம்பியாண்ட காட்டுங்க. அவனுக்குத் தெரியாத வாட இல்ல" என்றாள்.

திங்கட்கிழமை லீவு கேட்டு மேனேஜருக்குப் போன் செய்தேன். காரணம் கேட்டார். "குடும்பத்துல ஒருத்தருக்கு மூச்சுப் பிரச்சினை சார்" என்றேன். கார் எனக்குக் குடும்பம்தானே. மூச்சு விட்டால் பிரச்சினை என்பதும் உண்மைதானே. "நாளைக்கும் கூட இருந்து பாத்துக்கோங்க" என்று உருகிவிட்டார்.

இரண்டாவது ஊருக்கு நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, கார் வாங்கிய பிறகு நான் இந்த மாவட்டத்தை முகர்ந்ததே இல்லை. பஸ்ஸிலும் ஜன்னலோர ஆள் மழைக்குப் பயந்து மூடிவிடுவார். ஏற்றிய கண்ணாடிக்குள் எல்லா ஊரும் ஒரே ஊர். இறக்கினால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு வாசனை. சேறு குழப்பிய வயல், கொத்தமல்லிக்கட்டு ஏற்றிய ஆட்டோ, பஞ்சர் கடை ரப்பர், யாரோ வீட்டில் கருவாட்டுக் குழம்பு. கருவாட்டுக் குழம்பு வந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். சங்கதி என்னவென்றால் என் காரின் வாடையோடு ஒப்பிட்டால் கருவாடு பன்னீர்.

மைத்துனன் முருகேசன் நெல் விவசாயி. காருக்குள் உட்கார்ந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தான். எருக்குழியை விலை பேசுகிறவன் மாதிரி தலையாட்டினான்.

"எலி மாமா. உள்ள பூந்து செத்துட்ச்சி."

"எத்தனை நாள் நாறும்?"

"மூணு நாளு. அப்பறம் தானா சரியாப்பூடும்."

"இது ரெண்டு வாரமா நாறுதே?"

யோசித்தான். "அப்ப பெரிய எலி."

தேடிப் பார்த்தோம். பெரிய எலியும் இல்லை, சின்ன எலியும் இல்லை. ஆனால் சாம்பிராணி போட்டால் எதுவும் ஓடும் என்றான். செத்த எலி எப்படி ஓடும் என்று கேட்க வாயெடுத்தேன். அவன் மனைவி களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டதால் வாய்க்கு வேறு வேலை வந்துவிட்டது. நான் களியை உருட்டிக்கொண்டிருக்கும்போது முருகேசன் ஒரு சட்டி நிறையத் தணல் எடுத்து, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, காருக்குள் வைத்து, ஏசி மின்விசிறியை முழு வேகத்தில் சுற்றவிட்டுக் கதவைச் சாத்தினான். கார் குழந்தை குளிப்பாட்டிய வீடு மாதிரி ஆயிற்று. கைகழுவிவிட்டு முகர்ந்தேன். சாம்பிராணி மட்டும்தான். மைத்துனனைக் கட்டிப்பிடித்தேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவன் பயந்துவிட்டான்.

திரும்பும் வழியில் திருவாலங்காடு ரயில்வே கேட் மூடியிருந்தது. மழை வேறு. கண்ணாடியை ஏற்றி ஏசியை இயக்கினேன். இயந்திரத்தின் குடலுக்குள் எங்கெங்கோ தங்கியிருந்த புகை முழுவதும் குபுகுபுவென்று என் முகத்தில் வந்தது. பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவர் கத்தினார்: "யோவ், வண்டி எரியுதுய்யா!" அவ்வளவுதான். கதவைத் திறந்து என்னைச் சட்டைக் காலரோடு வெளியே இழுத்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் குடத்துத் தண்ணீரை டேஷ்போர்டில் ஊற்றினார். நான் "சாம்பிராணி, சாம்பிராணி" என்று அலற, தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து இன்னொருவர் அடிக்க வந்தார். சிவபெருமான் காலைத் தூக்கி ஆடிய ஊர் அது. கண்ணில் புகையோடு கொட்டும் மழையில் நானும் ஆடினேன். தாளம் பஸ்காரர்களின் ஹாரன்.

எல்லாம் அடங்கியதும் கேட்டோரம் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா குடைக்குள்ளிருந்து கேட்டார்: "ஏன் நைனா, கோயிலு தோ அங்க கீது. நீ வண்டிக்குள்ளயே கும்புட்டுகினியா?"

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். புகை போயிருந்தது. அந்தப் பழைய வாடை, பக்தியோடு திரும்பி வந்திருந்தது. இடதுபக்கம் காலடி விரிப்பு சதசதவென்று நனைந்திருந்தது. குடத்துத் தண்ணீர் என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றியது வலதுபக்கம் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. பீதியில் இருப்பவனுக்கு வலது இடது கிடையாது.

செவ்வாய்க்கிழமை, மூன்றாவது ஊர். தினமும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் இறங்கும் கும்மிடிப்பூண்டிக்கு அன்று கண்விழித்தபடி போனேன். தொழிற்பேட்டைக்குள் நுழையும் சாலையில் கரீம் பாய் கடை. லாரி, கிரேன் கேபின்களின் ஏசியெல்லாம் அவர் கைதான். கையைவிட வாய் பெரிது. எதிரே ஒரு டீக்கடை. அங்கே நான்கு மொழிகளில் டீ கேட்பார்கள், கடைக்காரர் ஒரே மொழியில் சில்லறை இல்லை என்பார். எங்கள் மணவாள நகர் டீயில் பால் தெரியும். இங்கே டீயில் கம்பி தெரியும், அவ்வளவு அழுத்தம்.

பாய் கதவைத் திறந்தார். உடனே மூடினார்.

"இன்னாண்ணா, உள்ள யாரனா அடக்கம் பண்ணிட்டியா?"

"எலின்றாங்க பாய்."

"எலியா, ஓணானான்னு பந்தயம் வெச்சிக்கலாமா?"

அவர் இதைச் சத்தமாகக் கேட்டதுதான் தாமதம், டீக்கடையே காரைச் சுற்றி வந்துவிட்டது. தோற்றவர்கள் ஜெயித்தவருக்கு டீயும் சமோசாவும். பாய் எலி. டீக்கடைக்காரர் ஓணான். ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு வெல்டர்கள் தங்களுக்குள் பேசி, தவளை என்று கையால் குதித்துக் காட்டினார்கள். நெல்லூர்ப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு முகர்ந்தார். பிறகு தெலுங்கில் தன் கிளீனரிடம் அவர் சொன்னது ஏறக்குறைய இதுதான்: "செத்த வாடை இல்லடா இது. ஊசிப்போன தீனி. போன மாசம் நீ சீட்டுக்கடியில் டிபன் டப்பாவை மறந்தியே, அதே வாடை." கிளீனர் வெட்கப்பட்டார்.

"நா வண்டில எதுவும் சாப்ட மாட்டன்" என்றேன் ரோஷமாக.

பாய் காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். "ஏசி போட்டா கீழ தண்ணி சொட்டுதா?"

"சொட்டவே சொட்டாது பாய். வண்டி நிக்கிற எடம் சுத்தமா இருக்கும்" என்றேன் பெருமையாக.

"அட பேஜாரே! சொட்டணும்ணா. சொட்டலன்னா உள்ளயே கட்டிகினு கீதுன்னு அர்த்தம்." இடது காலடி விரிப்பைப் பிழிந்து காட்டினார். நான் இத்தனை நாள் நல்ல பழக்கம் என்று மெச்சிக்கொண்டிருந்தது நீரடைப்பு.

முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னால் கைவிட்டு, காற்று வடிகட்டும் அட்டையை இழுத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்தது. வாடைக்காக அல்ல, பந்தயத்துக்காக.

அட்டையின் மேல் ஒரு சின்னக் குவியல். உருண்டை உருண்டையாக. ஒவ்வொன்றுக்கும் வெள்ளையாகப் பூசணத் தாடி. பக்கத்தில் கரிந்த கிழிசலாக ஒரு துண்டு வாழை இலை. ஒரு தேங்காய்ப் பல். ஒரு காய்ந்த மிளகாய். வழவழவென்று கறிவேப்பிலை.

கரீம் பாய் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "ண்ணா, இது சுண்டல்!"

எனக்கு அந்தக் கணத்தில் மொத்தமும் கண்முன் ஓடியது. ஆயுத பூஜை. எங்கள் ஆலையில் அன்று மட்டும் கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் காரில் வருவோம். கிரேனுக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்திச் சந்தனம் வைப்போம். படையலைத் தரையில் வைக்கச் சொன்னார் ஐயர். மற்றவர்கள் வைத்தார்கள். தரையில் வைத்தால் சாமிக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று நான் இலையை பானட்டின் மேல் வைத்தேன். சரிவில் வழுக்கியது. ஆகவே மேலே ஏற்றி, கண்ணாடியோரம் வைப்பரில் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். தீபாராதனை முடிந்ததும் வழக்கம்போல எல்லாரும் வண்டியைக் கிளப்பி, ஓடுகிற பாகம் ஒன்றையும் விடாமல் ஓட்டிக்காட்ட வேண்டும். விளக்குப் போட்டேன். ஹாரன் அடித்தேன். பக்திப் பரவசத்தில் வைப்பரையும் போட்டேன்.

சுண்டல் மழை. ஆரோக்கியத்தின் சட்டை முழுக்கக் கடலை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பாய் வைப்பருக்குக் கீழே விரலால் தட்டினார். வெளிக்காற்று உள்ளே போகும் இடத்தில் இலைதழை விழாமல் தடுக்கும் பிளாஸ்டிக் வலை. அதில் ஒரு பெரிய ஓட்டை. "இதான் வாசப்படி. சாமிக்கு வெச்சத ஏசி சாப்ட்டுட்ச்சி."

நெல்லூர் டிரைவர் டீக்கடை பெஞ்சில் போய்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மிடுக்காக இரண்டு விரலைக் காட்டினார். சமோசா இரண்டு என்று அர்த்தம். வாங்கிக் கொடுத்தோம். நான் என் தலையைத் தடவிக்கொண்டு அந்தத் தாடிவைத்த கடலைகளைப் பார்த்தபடி நின்றேன். வெறும் சுண்டலுக்கு இவ்வளவு அடர்த்தியாக முளைக்கிறது, எனக்கு ஏன் முளைக்கவில்லை?

ஆரோக்கியத்துக்குப் போன் போட்டேன். கல்யாண வீட்டு இரைச்சலுக்கு நடுவே கேட்டுவிட்டுச் சொன்னான்: "அன்னிக்கே நெனச்சன்டா. என் சட்ட மேல பாதிதான் வந்துச்சி. மீதி எங்கடா போச்சின்னு."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடா?"

"நா தின்னுகினு இருந்தன்டா."

பாய் மத்தியானம் வரை வேலை செய்தார். உள்ளே குளிரும் சுருளில் நுரை அடித்து, ஊறவிட்டு, கழுவினார். அடைத்திருந்த குழாயில் காற்றை ஊதினார். கடலைத்தோலும் கசடுமாகக் கீழே கொட்டி, பின்னால் தெளிந்த தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அந்தச் சொட்டைப் பார்த்து நான் கைதட்டினேன். புது அட்டை, புது வலை. கிளம்பும்போது ஒரு புத்தி சொன்னார்: "ஊடு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஏசிய நிறுத்திட்டு ஃபேன மட்டும் ஓடவுடு. உள்ள ஈரம் காஞ்சிடும். உறைய போட்டு மூடியே வெக்காத. அப்பறம்…" குரலைத் தாழ்த்தினார். "அடுத்த பூஜைக்கு சாமிய தரையிலயே சாப்டச் சொல்லு."

சாயங்காலம் தேர்வு. கைநிறைய மருதாணியோடு வந்த ஸ்டெல்லா, எதையும் தொட முடியாததால், கதவைத் திறக்கச் சொல்லி உட்கார்ந்தாள். கண்ணாடியை ஏற்றினேன். ஏசியைத் தட்டினேன். வெளியே அந்தோணி தன் வெள்ளைக் கப்பலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா கண்ணை மூடி முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"மாமா."

"இன்னாம்மா?"

"ஒண்ணுமே வர்ல மாமா."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு அது.

புதன்கிழமை கும்மிடிப்பூண்டி போய்ச் சேரும்வரை மழை. கண்ணாடி ஏற்றியபடியே போனோம். பட்டுப்புடவை, பூ, பவுடர் எதுவும் கலையவில்லை. பின்சீட்டில் மல்லிகை மல்லிகையாகவே மணந்தது. ஆரோக்கியம் முன்சீட்டில் உட்கார்ந்து, அடிக்கடி காலடி விரிப்பைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சி கீதுடா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

சர்ச்சில் பூசை முடிந்து மணமக்களை மறுபடி என் காரில் ஏற்றினோம். மழை விட்டிருந்தது. நான் ஓட்டுநர் இருக்கைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்போது பார்த்தேன். மாப்பிள்ளையின் நண்பர்கள் கையில் வண்ணக் காகிதம் வெடிக்கும் குழாய்கள். அந்தோணியின் கையில் ஒரு கூடை ரோஜா இதழ். எல்லாரும் காரின் முன்பக்கம் திரும்பி, ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள்.

என் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வைப்பருக்குக் கீழே, புத்தம் புது வலை.

யோசிக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து பானட்டின் மேல் பாய்ந்து, குப்புறப் படுத்து, வலையை மார்போடு அணைத்துக்கொண்டேன். மூன்று என்றார்கள். என் வழுக்கையின் மேல் வானவில்லே வெடித்தது. கூடை ரோஜாவும் முதுகில் விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதும், ஒன்றும் புரியாமல் மாப்பிள்ளை விழிப்பதும் தெரிந்தது. ஒரு இதழ்கூட உள்ளே போகவில்லை.

கல்யாண ஆல்பத்தில் அந்தப் படத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் உருகிப்போகிறார்கள். பெண்ணைப் பெற்ற ஆரோக்கியமே தெம்பாக நிற்க, தூக்கி வளர்த்த மாமா மட்டும் பிரிவு தாங்காமல் காரைக் கட்டிப்பிடித்து அழுதார் என்று சொந்தக்காரர்களுக்குள் பேச்சாகிவிட்டது. பெண்கள் என்னைப் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஸ்டெல்லாவுக்கு விஷயம் தெரியும். ஆனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நானும் மறுக்கவில்லை.